தன் இரத்தத்தைச் சாட்சிக்கு அழைத்தவர்

தெமட்டகொடைத் தண்டவாளங்களின் ஓரத்தில் நிற்கும் எங்கள் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்தின் கல ஆய்வுகூடத் தலைவி, கலாநிதி செல்வி அருந்ததி தியாகராசா அவர்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், ஆய்வுகூடப் பணியாளர் வாசித்தளிக்கும் மடல்

கலங்களைக் கண்ணெனக் காத்த காரிகையே! கதிரின் கணக்கைக் கதிருக்கே கற்பித்த கலாநிதியே! நுண்ணோக்கியின் முன் அமர்ந்து நிறமூர்த்தங்களை நோகாமல் நோக்கிய நுண்மதியே! வெள்ளவத்தை ஈன்ற வீரமே! தெமட்டகொடை கண்ட திண்மையே! பணிவு என்ற சொல்லைப் பணியிடத்தில் ஒருநாளும் பாவியாத பண்பே! வணக்கம்.

இதற்கு அடுத்து "பொறுமையின் சிகரமே" என்று வரவேண்டும். நிர்வாகம் அன்போடு அனுப்பிவைத்த மாதிரி மடலில் அப்படித்தான் இருந்தது. அதை வாசித்தால் மண்டபம் சிரிக்கும், முதல் சிரிப்பு உங்களுடையதாகவே இருக்கும் என்பதால் வெட்டிவிட்டோம். "சர்ச்சைக்குரிய விடயங்களைத் தவிர்க்கவும்" என்று அதன் அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. அதையும் வெட்டிவிட்டோம்.

நீங்களும் ஒரு கட்டளை போட்டிருந்தீர்கள். "முகத்துக்கு முன்னால நிண்டு நீங்கள் நீங்கள் எண்டு புகழ்ந்தியளெண்டால், நான் எழும்பி பஸ் ஏறிப் போயிடுவன்" என்றீர்கள். இத்தனை ஆண்டுகள் உங்களுடன் வேலை செய்தவர்களுக்கு, உங்கள் சொல்லை மீறாமலே மீறும் வழி தெரியாதா? இனி உங்களைப் பார்த்துப் பேசமாட்டோம். சபையைப் பார்த்து அருந்ததி என்ற ஒருவரின் கதையைச் சொல்லப்போகிறோம். நீங்கள் கதிரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

சபையோரே! கதிர்வீச்சுச் சிகிச்சையில் எல்லாருக்கும் ஒரே கதிர்தான். உடம்புதான் ஒன்றல்ல. கதிர் பட்டதும், உயிரணுவான கலத்துக்குள் இருக்கும் நிறமூர்த்தங்கள், தாயும் தகப்பனும் தந்த செய்தியைச் சுமக்கும் அந்த மெல்லிய இழைகள், முறிகின்றன. எல்லாருக்கும் முறியும். முறிந்ததை ஒட்டிக்கொள்ளும் வல்லமைதான் ஆளுக்கு ஆள் வேறு. அதுவும் பெரும்பாலும் பிறப்போடு வருவது. ஒட்டுவதில் பின்தங்கிய உடம்புக்கு வழமையான அளவைக் கொடுத்தால், நோயோடு சேர்ந்து நல்ல தோலும் வெந்துபோகும். அப்படிப்பட்டவர்களைச் சிகிச்சைக்கு முன்னரே கண்டுகொள்ளத்தான் அருந்ததி எங்கள் ஆய்வுகூடத்தைத் தொடங்கினார்.

பார்ப்பதற்கு எளிய வேலை, செய்வதற்கு முதுகு முறியும். நோயாளியின் இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, கலங்களை மூன்று நாள் வளர்த்து, சிறிதளவு கதிரைக் காட்டி, நுண்ணோக்கியில் முறிவுகளை எண்ணவேண்டும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அறையின் சூடு, மருந்தின் வயது, எல்லாம் அதைக் கூட்டும், குறைக்கும். ஆகவே அதே நாளில், அதே கதிரில், நோயில்லாத ஒருவரின் இரத்தத்தையும் பக்கத்தில் வைப்போம். அந்தக் குழாயில் "சுகதேகி" என்று எழுதியிருக்கும். சுகதேகியைவிட நோயாளிக்கு முறிவு கூடினால் ஆபத்து, ஒத்துப்போனால் இயல்பு. இவ்வளவுதான் விஷயம்.

ஆய்வுகூடம் தொடங்கிய காலத்தில் இரத்தம் கொடுக்க ஆள் இல்லை. எங்கள் உதவியாளர் கொட்டாஞ்சேனை றேமண்ட், ஊசியைக் கண்டால் சுவரைப் பிடிப்பவர். தாதி புளோறன்ஸுக்குச் சீனி வருத்தம் என்ற நீரிழிவு. சாரதி மீரா சாஹிப் இரத்தம் எடுக்கும் நேரம் பார்த்து வாகனம் கழுவப் போய்விடுவார். அருந்ததி சேலைத் தலைப்பைத் தோளில் எறிந்துவிட்டுக் கையை நீட்டினார். "என்னட்டை எடுங்கோ. எனக்கு ஒரு தடிமன்கூட வாறதில்லை."

அது உண்மை. மழையில் நனைந்தாலும் தும்மாத மனுசி அவர். ஒருமுறை கொடுத்தது வழக்கமாகி, வழக்கம் சட்டமாகிவிட்டது. திங்கட்கிழமைக் காலையில் புளோறன்ஸ் அருந்ததி மிஸ்ஸிடம் இரத்தம் எடுப்பார், இரத்தம் கொடுத்தவருக்கென்று வாங்கிய, சீனி தூவிய கிம்புலா பனிசை றேமண்ட் தின்பார். சுகதேகிகளை மாற்றி மாற்றி வைக்கவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் அருந்ததியே மாணவருக்குப் படிப்பித்தவர். தன் ஆய்வுகூடத்தில் மட்டும் அது தேவையென்று அவருக்குப் படவில்லை. தன் உடம்பில் அவருக்கு அவ்வளவு பெருமை.

பெருமைக்குக் காரணமும் இருந்தது. எரிபொருளும் மின்சாரமும் இல்லாத அந்த ஆண்டில் எங்கள் ஜெனரேட்டர் கைவிட்ட ஒரு பகலை நினைத்துக்கொள்ளுங்கள். கலம் வளர்வதற்கு உடம்புச் சூடு வேண்டும். அருந்ததி குழாய்களைத் துணியில் சுற்றி இடுப்போடு கட்டிக்கொண்டு, மின்சாரம் திரும்பும்வரை அசையாமல் இருந்தார். "உடம்புச் சூடு வேணுமெண்டால் உடம்பைக் குடுக்கிறதுதானே" என்றார். ஒரு குழாயும் பழுதாகவில்லை.

அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ரொஷேல் என்றொரு இளந்தாய் வந்தார். கணவர் மெல்ரோய்க்கு ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் வேலை. மார்பில் சத்திரசிகிச்சை முடிந்து, கதிர்ச் சிகிச்சை தொடங்கி, இரண்டாம் வாரம். ரொஷேலின் இரத்தத்தை நாங்கள் முன்னரே சோதித்து "இயல்பு" என்று அறிக்கை கொடுத்திருந்தோம். அன்று அவர் சிகிச்சை அறைக்குப் போகாமல் நேரே எங்கள் கதவைத் தட்டினார். அருந்ததிக்கு முன்னால் நின்று சால்வையை விலக்கினார்.

தோல் உரிந்து, சிவந்து, நீர் கோத்துக் கிடந்தது.

"மிஸ், கொதி எண்ணெய் ஊத்தின மாதிரி இருக்கு. கேட்டா, எல்லாருக்கும் கொஞ்சம் எரியும்தானாம். ரிப்போர்ட்ல நான் நோர்மலாம். நீங்க சொல்லுங்க மிஸ், இது நோர்மலா?"

அருந்ததி அந்தத் தோலைப் பார்த்தார். தன் கையெழுத்தோடு இருந்த அறிக்கையைப் பார்த்தார். "இல்லை" என்றார்.

பிறகு நடந்ததைச் சிகிச்சைப் பிரிவில் இன்றைக்கும் சொல்வார்கள். கதிர் இயந்திரத்தின்மேல் அருந்ததிக்கு அதிகாரம் கிடையாது. அதனால் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அறையின் கதவடியில் போட்டு அமர்ந்தார். "அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ. இந்தப் பிள்ளையை மட்டும் உள்ளுக்கு விடமாட்டன்."

ரொஷேலின் டொக்டர் ஓடிவந்தார். "மிஸ், உங்கட அறிக்கைதானே இயல்பு எண்டு சொல்லுது?"

"அந்த அறிக்கையைத்தான் நான் நம்பேல்லை."

டொக்டரைக் குறை சொல்ல முடியாது. சிகிச்சையை நீண்ட நாள் நிறுத்திவைத்தால் நோய் முந்திக்கொள்ளும். கலம் வளர எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவுதான் தவணை என்று பேசி முடித்தார்கள். திரும்பி வந்த அருந்ததி எங்களை வரிசையில் நிறுத்தினார். ரொஷேலிடமும் புதிதாக எடுத்து, தன்னிடமும் எடுத்து, இம்முறை எங்கள் எல்லாரிடமும் எடுக்கச் சொன்னார். மீரா சாஹிப்பை வாகனத்தடியில் போய்ப் பிடித்தோம். றேமண்ட் கண்ணை மூடி, "அந்தோனியாரே, அந்தோனியாரே" என்று கூப்பிட்டபடி கையை நீட்டினார். புனிதர் வந்தாரோ தெரியாது, றேமண்ட் மயங்கிவிட்டார்.

கலங்கள் வளர்ந்ததும் கண்ணாடித் தட்டுகளின் பெயர்களை றேமண்ட் மறைத்துவைக்க, எது யாருடையது என்று தெரியாமல் அருந்ததி எண்ணத் தொடங்கினார். தெமட்டகொடையில் ரயில் போனால் எங்கள் நுண்ணோக்கி நடுங்கும். ஒவ்வொரு ரயிலுக்கும் கண்ணை எடுத்து, காத்திருந்து, மறுபடி எண்ணினார். முடித்தபோது மூன்று தட்டுகளில் முறிவு குறைவு. இரண்டில் மிகமிகக் கூட.

"கூடின ரெண்டும் ஆர், றேமண்ட்?"

"ஒண்டு ரொஷேல், மிஸ்."

"மற்றது?"

றேமண்ட் மேசையைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"வாயைத் திற, றேமண்ட்."

"நீங்கதான், மிஸ்."

சுகதேகி என்று நாங்கள் எழுதிவைத்த குழாயில் இருந்தது, கதிரை எவரிலும் குறைவாகத் தாங்கும் இரத்தம். தடிமன் வராத உடம்புதான். ஆனால் முறிந்ததை ஒட்டும் வேலையில் அவரது கலங்கள் பிறவியிலேயே மெத்தனம். அவற்றோடு ஒப்பிட்டால் ஆபத்தில் இருப்பவர்களும் இயல்பாகத்தான் தெரிவார்கள். ரொஷேல் அப்படித்தான் தெரிந்தார்.

அருந்ததி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்ப இவ்வளவு காலமும் கோணல் கோலாலதான் ஆக்களை அளந்திருக்கிறம்" என்றார். பிறகு றேமண்டின் பனிசை எடுத்து, பாதியைப் பிய்த்து, மெதுவாகச் சாப்பிட்டார். அவர் அதைச் சாப்பிட்டு நாங்கள் பார்த்தது அன்றுதான்.

ரொஷேலின் சிகிச்சையை டொக்டர் அன்றைக்கே மாற்றினார். கதிரை நிறுத்தி வேறு வழிக்குப் போனார்கள். தோல் ஆறியது. பிரச்சினை அதோடு முடியவில்லை. எங்கள் அலுமாரிகளில் இருந்த பழைய அறிக்கைகள் எல்லாமே அந்தக் கோலால் அளந்தவை.

இயக்குநர் அருந்ததியைக் கூப்பிட்டார். அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார், நாங்கள் சொல்வதை மறுக்கமாட்டார் என்று நம்புகிறோம். "இனிமேல் வேற ஆக்களின்ர ரத்தத்தை வைச்சுக்கொள்ளுவம். பழசைக் கேட்டால் கருவி பழுது எண்டு சொல்லுவம். உங்கட பேருக்கும் நல்லது, நிலையத்துக்கும் நல்லது."

"கருவி பழுதெண்டால் எந்த அறிக்கை சரி, எது பிழை எண்டு ஒருத்தருக்கும் விளங்காது. என்ர ரத்தம்தான் காரணம் எண்டால், எல்லாம் எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு எண்டு விளங்கும். நிமித்தலாம்" என்றார் அருந்ததி. "அதோட, கருவிக்கு வாய் இல்லை எண்டதுக்காக அதில பழியைப் போட ஏலாது. எனக்கு வாய் இருக்கு."

அந்த வாயை மூடவைக்க இயக்குநரால் முடியவில்லை. அருந்ததியின் தம்பி முத்துலிங்கத்தால் முடியும்போல் இருந்தது. வெள்ளவத்தையில் இருந்து அழைப்பு எடுத்தார். அவர் மகள் நிருஷாவுக்குக் கலியாணம் பேசி, கனடாவில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம். "அக்கா, உங்களுக்கு விசரா? எங்கட பரம்பரையில ஏதோ இருக்காம் எண்டு ஒரு கதை கிளம்பினால் காணும், எல்லாம் போச்சு. கலியாணம் முடியுமட்டும் பேசாமல் இருங்கோ. உங்களுக்குத்தான் பிள்ளை குட்டி இல்லை, எனக்கு இருக்கு."

கடைசி வசனம் அவரைச் சுட்டது. ஏனென்றால் நிருஷாவைத் தன் பிள்ளை என்றுதான் அவர் நினைத்திருந்தார். அடுத்த நாள் அருந்ததி வேலைக்கு வரவில்லை. அவர் வராத நாளை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. தான் வாயைத் திறந்தால் ஒரு பெண்ணின் வாழ்வு கெடும், திறக்காவிட்டால் முகம் தெரியாத எத்தனையோ பேரின் தோல் வேகும். இரண்டில் எதைச் செய்தாலும் ஒருவருக்குத் துரோகம். வீட்டில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், சமைக்கவும் இல்லையாம்.

மறுநாள் வந்தார். அவருக்கு முன்னரே நிருஷா வந்து எங்கள் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள்.

"மாமி, எனக்கும் எடுங்கோ."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. எனக்கும் இருந்தால் முதல் எனக்குத் தெரியவேணும், மாப்பிளை வீட்டுக்குப் பிறகு தெரியலாம். நீங்கள் போய்ச் சொல்லுற அலுவலைச் சொல்லுங்கோ."

"கலியாணம் குழம்பினால்?"

"எங்கட ரத்தத்துக்குப் பயப்பிடுறவை, மாமி, எங்கட வாயைப் பார்த்தால் என்ன செய்வினம்?"

அந்தப் பிள்ளையின் சோதனை முடிவை இங்கே சொல்லமாட்டோம். அது அவளுடைய சொந்த விஷயம், சொன்னால் அடியும் விழும். கலியாணம் குழம்பியது என்பதைமட்டும் சொல்லலாம். இப்போது பேசவருபவர்களிடம் நிருஷாதான் முதலில் கதையை எடுக்கிறாளாம். பாதிப்பேர் தேநீர் முடியுமுன் எழும்புகிறார்களாம். மிச்சப்பாதியில் பார்த்துக்கொள்வாள்.

அன்று மாலை இதே மண்டபத்தில், எல்லா டொக்டர்மாருக்கும் முன்னால், அருந்ததி எழுந்து சொன்னார்: "நீங்கள் இவ்வளவு காலமும் நம்பின சுகதேகி நான்தான். நான் பிழையான அளவுகோல். நான் பார்த்த எல்லாரையும் திரும்பப் பார்ப்பம்."

பார்த்தோம். பழைய தட்டுகளை எடுத்து, முறிவுகளைத் திரும்ப எண்ணி, அருந்ததியின் இரத்தம் எங்கள் இரத்தங்களைவிட எவ்வளவு கூட முறிகிறதோ அந்தக் கணக்கில் நிமிர்த்தினோம். யாருடைய அறிக்கை மாறியதோ அவர்கள் வீட்டுக்கு மீரா சாஹிப் வாகனம் ஓட்ட, அருந்ததியே போனார். சிலர் கதிர்ச் சிகிச்சைக்கு முன்னரே தப்பினார்கள். சிலருக்குக் காலம் கடந்திருந்தது. வெள்ளவத்தையில், அவர் வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில், மனைவியை இழந்த ஒருவர் இருந்தார். மனைவி நோயால்தான் போனார். ஆனால் கடைசி மாதங்கள் எரிச்சலோடு போயின. அவர் கேற்றைத் திறக்கவில்லை.

"இப்ப ஏன் வந்தனீங்கள்?"

"சொல்லாமல் இருக்க ஏலாமல் வந்தனான்."

அவர் உள்ளே போய்விட்டார். அருந்ததி அந்தக் கேற்றடியில் வெயிலில் நெடுநேரம் நின்றார். திரும்பும் வழியில் வாகனத்தில் அழுதார் என்று மீரா சாஹிப் சொன்னார். நான் பார்க்கவில்லை, வீதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் அவரே சொன்னார்.

அதன் பின்னும் நிர்வாகம் விட்டதா? "கதிருக்கு இளகின உடம்பு, கதிர் இருக்கிற கட்டடத்தில் வைத்திருக்கலாமா" என்று, மிகுந்த அக்கறையோடு, அவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு யோசனை வந்தது. அருந்ததி தான் நெஞ்சில் குத்தியிருக்கும் கதிர்மானியைக் கழற்றி மேசையில் வைத்தார். வேலை தொடங்கிய நாள் முதல் அவர் உடம்பு வாங்கிய கதிரின் கணக்கையும் வைத்தார். அனுமதித்த அளவுக்குக் கிட்டவும் இல்லை. "என்ர கலங்களை எப்பிடிக் காப்பாத்திறது எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் நோயாளியின்ர கலங்களைப் பாருங்கோ" என்றார். ஓய்வு வயது வரும்வரை ஒரு நாள் முன்னதாகவும் போகவில்லை.

சபையோரே, கதை முடிந்தது. கதிரையில் இருந்து அவர் எங்களை முறைப்பது தெரிகிறது. இனி அவரிடமே பேசுகிறோம்.

மிஸ்! இன்று எங்கள் குழாய்த் தாங்கியில் சுகதேகிகள் பலர். மாறி மாறி வருகிறார்கள், றேமண்டும் மயங்கி மயங்கி வருகிறார். ஆனால் இன்னொரு குழாயும் ஒவ்வொரு சோதனையிலும் இருக்கிறது. இயல்பானவர்களோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது, ஆபத்தானது எப்படி இருக்கும் என்று காட்டவும் ஒன்று வேண்டும் என்று நீங்கள்தான் வைத்தீர்கள். அதில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறது. புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள் அதை ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்து, "அருந்ததி போட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். நாங்கள் திருத்துவதில்லை. எத்தனையோ பேரை அந்தக் குழாய் காப்பாற்றிவிட்டது. பிழை என்று ஒளிக்கச் சொன்ன இரத்தம் அது.

ஆகவே, அம்மையாரே, ஓய்வு உங்களுக்குத்தான். உங்கள் இரத்தத்துக்கு நாங்கள் ஓய்வு கொடுக்கவில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமைக் காலையில் புளோறன்ஸ் ஊசியோடு உங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வருவார். மீரா சாஹிப் கூட்டிவருவார். பனிசை றேமண்ட் கொண்டுவருவார், பாதியை உங்களுக்குத் தருவதாக வாக்களித்திருக்கிறார். எனவே நீங்கள் நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் வாழவேண்டும் என்று நாங்கள் கேட்பது மடலின் அழகுக்காக அல்ல. எங்களுக்கு உங்களிடம் வேலை இருக்கிறது. செத்துப்போக அனுமதி இல்லை.

இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டோம். சுவரில் ஆணி அடிக்கமாட்டேன் என்று நீங்கள் சொல்லியிருந்ததால் ஆணியும் சுத்தியலும் சேர்த்தே தருகிறோம்.

இங்ஙனம்,
தங்களுக்கு அடங்கியும் அடங்காமலும் பணிசெய்த
கல ஆய்வுகூடப் பணியாளர்
றேமண்ட், புளோறன்ஸ், மீரா சாஹிப் மற்றும் அனைவரும்.

இவர்களோடு, பணியாளர் அல்லாத ஒருவரும் கையொப்பமிட்டிருக்கிறார். பணியாளர் மட்டும்தான் கையொப்பமிடலாம் என்று நிர்வாகம் சொன்னது. பேனை தரும்வரை போகமாட்டேன் என்று எங்கள் கதவடியில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்துவிட்டார்:
ரொஷேல் மெல்ரோய், கொட்டாஞ்சேனை.